அரிசிக் கலயம் முதல் மிஷன் களம் வரை: செட்டிநாட்டில் ஒரு சிறு சபை உதவிப்பணி நடத்தும் முறை

காரைக்குடிப் பக்கம் ஒரு சின்ன கிறிஸ்தவ சபை எங்களுடையது. அறுபத்தைந்து குடும்பங்கள். பாதிப் பேர் ஆசிரியர், நர்ஸ், ரயில்வே என்று மாதச் சம்பளக்காரர்கள். மீதிப் பேர் கொத்தனார், ஆத்தங்குடிக் கல் பட்டறைத் தொழிலாளி, தையல்காரர், கூலி வேலை செய்பவர்கள். அந்தச் சபையின் உதவிப்பணிக் கணக்கை ஒன்பது வருடம் நான் எழுதினேன். பக்கத்துச் சபைக்காரர்கள் “நாங்களும் தொடங்கலாம்னு இருக்கோம், நீங்க எப்படிச் செய்றீங்க?” என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னது போக விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் நூறு பேருக்குச் சேலை கொடுப்பதைவிட, பன்னிரண்டு மாதமும் பத்து வீட்டுக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பது கடினமான வேலை. அதைத்தான் சபை செய்ய வேண்டும். இந்த ஊரில் இதை யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார் வரவில் ஒரு பங்கை மகமை என்று முதலிலேயே எடுத்து வைத்தார்கள். மிஞ்சினால் தர்மம் என்ற பேச்சே அதில் இல்லை. வருஷக் கடைசியில் ஐந்தொகை (சொத்து, கடன், இருப்பு எல்லாம் காட்டும் கணக்கு) எடுக்கும்போது அந்தப் பங்குக்கும் கணக்கு நின்றது. ஒதுக்குவது, எழுதுவது, மாதம் தவறாமல் செய்வது: இந்த மூன்றும் சபைக்கு அப்படியே பொருந்தும்.

முதல் படி: ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள்

ஆதித் திருச்சபையிலேயே இந்தச் சிக்கல் வந்தது. அன்றாடப் பந்தியில் கிரேக்கு பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது, அப்போஸ்தலர்கள் ஏழு பேரை அதற்கென்றே நியமித்தார்கள். நம் அளவுக்கு ஐந்து பேர் போதும். அதில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும். ஒரு விதவையின் வீட்டுக்குள் போய் அடுப்படியில் உட்கார்ந்து பேச அவர்களால்தான் முடியும்.

ஆயர் அய்யாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கட்டும், ஆனால் பணம் அவர் கையில் இருக்க வேண்டாம். இது அவர்மேல் சந்தேகம் என்று யாரும் நினைக்கக் கூடாது. ஆயருக்கு மாற்றல் வரும், சபை இங்கேயே இருக்கும். உதவி கேட்டு வருகிறவர்களிடம் “கமிட்டியில் பேசிச் சொல்கிறேன்” என்று அவர் சொல்ல ஒரு வழியும் இருக்கும்.

இரண்டாம் படி: இரண்டு மாதம் எதுவும் கொடுக்காதீர்கள்

வீடு வீடாகப் போங்கள். சபையின் வீடுகளுக்கு மட்டுமல்ல, சபையைச் சுற்றியுள்ள எல்லாத் தெருவுக்கும். தபால்காரர், ரேஷன் கடைக்காரர், அங்கன்வாடி டீச்சர், கிராமச் சுகாதாரச் செவிலியர், ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோக்காரர் ஆகியோரிடம் “இந்தத் தெருவில் யார் கஷ்டப்படுகிறார்கள்?” என்று கேட்டாலே பாதிப் பட்டியல் வந்துவிடும்.

எங்கள் பட்டியலின் முதல் பெயர் ஓர் அப்பத்தா. ஊர்ப் பெரிய வீடு ஒன்றை வீட்டுக்காரர்கள் பூட்டிப்போட்டுச் சென்னையில் இருந்தார்கள். முகப்புத் திண்ணையோரம் ஓர் அறையில் தங்கி, கூட்டிப் பெருக்கி, வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக்கொண்டு இவர் மட்டும் இருந்தார். நாங்கள் ஐந்து கிலோ அரிசியோடு போயிருந்தோம். “அரிசி இருக்கா அப்பத்தா?” என்று கேட்டேன். “அரிசிக்கென்னப்பா, கார்டுல சும்மாவே போடுறாக. என் ரேகைதான் விழுக மாட்டேங்குது” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அறுபது வருடம் பாத்திரம் தேய்த்த விரல்கள். நுனியில் கோடே இல்லை. ரேஷன் கடை மெஷின் அவரை மூன்று மாதமாகத் திருப்பி அனுப்பியிருந்தது. தனக்குப் பதிலாக இன்னொருவர் பொருள் வாங்க முதியவர்கள் எழுதிக்கொடுக்கும் படிவம் ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. சர்க்கரைக்கு மாத்திரை தீர்ந்து இருபது நாள். கண்ணில் புரை. நாங்கள் கொண்டுபோன அரிசியால் இதில் எதுவும் தீராது.

அன்றிலிருந்துதான் இந்த விதி: முதல் முறை போகும்போது கையில் பையோடு போகாதே, நோட்டோடு போ. நோட்டில் பெயர், வயது, வீட்டில் யார் யார், என்ன கார்டு இருக்கிறது, என்ன மாத்திரை, எந்த ஆஸ்பத்திரி, யாருக்குப் போன் செய்யலாம் என்று எழுதுங்கள். சாதி, மதம் எழுதப் பத்தி வேண்டாம்.

மூன்றாம் படி: அரசு கொடுப்பதை முதலில் வாங்கிக் கொடுங்கள்

சபையின் ஒரு ரூபாயைச் செலவழிப்பதற்கு முன்னால், அவர்களுக்கு உரிமையாக வரவேண்டியது வருகிறதா என்று பாருங்கள். முதியோர் உதவித்தொகையும் ஆதரவற்ற விதவை உதவித்தொகையும் 2023ல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. ஒருவருக்கு அதை வாங்கிக் கொடுத்தால் வருடத்துக்கு 14,400 ரூபாய். எங்கள் மாதிரிச் சபை ஒரு தனி ஆளுக்கு அவ்வளவு கொடுக்கவே முடியாது. இதற்கு ஆகும் செலவு இ-சேவை மையக் கட்டணமும், தாலுகா ஆபீசுக்கு இரண்டு மூன்று நடையும்தான்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இது 2022ல் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024ல் வந்தது. அறுவை சிகிச்சை என்றால் முதலில் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567, குழந்தைகளுக்கு 1098. இந்த இரண்டையும் சபை நோட்டீஸ் போர்டில் பெரிதாக எழுதி வையுங்கள்.

எங்களிடம் ஒரு ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் இருந்தார். விண்ணப்பம் எழுதுவது அவர் ஒருவரின் ஊழியம். பாட்டுப் பாட வராது, ஜெபக்கூட்டத்தில் பேச மாட்டார். ஆனால் எங்கள் சபையில் அவரால் பிழைத்த குடும்பங்கள் அதிகம். உங்கள் சபையிலும் இப்படி ஒருவர் இருப்பார், தேடிப் பிடியுங்கள்.

நான்காம் படி: பணம்

இதை விரிவாகச் சொல்கிறேன். சபைகள் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் கைப்பிடி அரிசி. சமையலுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி தனியாக ஒரு கலயத்தில் போடுவது நம் பாட்டிமார் காலப் பழக்கம். ஒரு பிடி 50 கிராம் என்று வைத்தாலும் மாதம் ஒன்றரைக் கிலோ. நாற்பது வீட்டில் 60 கிலோ சேரும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, ஒரு வீட்டில் பச்சரிசி. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டினால் ஒன்று குழையும், ஒன்று நறுக்கென்று நிற்கும். ஏழைக்கு அதைக் கொடுப்பது மரியாதை இல்லை. அதனால் ஆராதனை முடிந்ததும் சபைக்குள்ளேயே அந்த அரிசியை ஏலம் விட்டுப் பணமாக்கி, அந்தப் பணத்தில் ஒரே ரக அரிசி வாங்குங்கள். கோழி வளர்ப்பவர்கள் நல்ல விலைக்கு எடுப்பார்கள்.

அடுத்தது மாத வாக்கு, அதாவது மாதாமாதம் தருவதாகக் குடும்பங்கள் ஒப்புக்கொள்ளும் தொகை. நாற்பது குடும்பம் மாதம் 200 ரூபாய் கொடுத்தால் 8,000. இதை எப்படிப் பிரிப்பது என்பதை ஜனவரியிலேயே முடிவு செய்துவிடுங்கள். நாங்கள் பிரித்தது: உள்ளூர் உதவிக்கு 3,200, மிஷனுக்கு 2,400, மருத்துவத்துக்கும் படிப்புக்கும் 1,600, அவசரத்துக்கு 800. மிஷன் பங்கை உள்ளூர்த் தேவைக்கு எடுக்கக் கூடாது. “இந்த மாதம் மட்டும்” என்று ஒரு முறை எடுத்தால் அடுத்த மாதமும் எடுப்போம். எங்கோ ஒரு மலையடிவாரத்தில் ஒரு குடும்பம் மணியார்டர் எதிர்பார்ப்பது போல நம் பணத்தை எதிர்பார்த்திருக்கும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வருவது வருஷத்துக்கு ஒருமுறை வரும் வரவு. முருங்கைக்காய்க் கட்டும் சேவலும் தேங்காயும் சந்தை விலையைப்போல் பத்து மடங்குக்குப் போகும். அந்த உற்சாகத்தை நம்பி மாதச் செலவு திட்டமிட வேண்டாம். அதைப் படிப்பு உதவிக்கு வைப்பாகப் போடுங்கள்.

உண்டியலை இரண்டு பேர் சேர்ந்துதான் திறக்க வேண்டும், எண்ணியதும் இருவரும் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும். வங்கியில் உதவிப்பணிக்குத் தனிக் கணக்கு, எடுக்க இரண்டு கையெழுத்து. பத்து ரூபாய் பஸ் டிக்கெட்டுக்கும் வவுச்சர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைப் போர்டில் ஒட்டுங்கள். வாங்கியவர்கள் பெயர் அதில் வரக் கூடாது, எண்ணிக்கை மட்டும் வரட்டும்.

இனி வெளிநாட்டுப் பணம். நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று இருக்கிறார்கள். பாசத்தில் “சபைக்கு அனுப்புறேன்” என்பார்கள். இங்கே வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 குறுக்கே நிற்கிறது. அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு வெளிநாட்டு மூலத்திலிருந்து ஒரு டாலரும் வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகாது. பாஸ்போர்ட் பக்கத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே அண்ணன் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டால், வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டுப் பணம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவரிடம் வாங்கலாம், ஒருவரிடம் கூடாது என்ற நிலை வரும். வருத்தப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள். பதிவு பெற்ற அமைப்பாக இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப் பின் அப்படி வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. பணம் முதலில் வந்து சேர வேண்டிய கணக்கும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான். ஊர்க் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

வரிவிலக்கு ரசீது கேட்பவர்களும் வருவார்கள். நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் வருமானவரிப் பதிவு (80ஜி என்று வழங்கி வந்தது) இருந்தால் மட்டுமே அப்படி ரசீது கொடுக்கலாம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. பதிவு இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், ஒளிக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: கொடுக்கும் விதம்

இதில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். முதல் வருடக் கிறிஸ்துமஸுக்கு இருபது பேரைச் சபை முகப்பில் வரிசையாக நிறுத்திப் பை கொடுத்தோம். ஒருவர் போட்டோ எடுத்தார், வாட்ஸ்அப்பில் போட்டார். வரிசையில் நின்ற ஓர் அம்மாவின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். படம் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று ராத்திரி அவன் அம்மாவுக்குப் போன் போட்டு, “நான் செத்தா போயிட்டேன்?” என்று கேட்டிருக்கிறான். அந்த அம்மா பையைப் பிரிக்காமல் மறுநாள் காலையில் கொண்டுவந்து சபை வாசலில் வைத்துவிட்டுப் போனார். சீனி, பருப்பு, சேலை எல்லாம் வைத்த மேனிக்கே இருந்தன. நாங்கள் மூன்று பேர் போய் மன்னிப்புக் கேட்டோம். காபி போட்டுக் கொடுத்தார், நல்லபடியாகப் பேசினார். உதவியை மட்டும் அதன்பிறகு வாங்கவே இல்லை.

அன்றோடு படம் எடுப்பதை நிறுத்தினோம். நன்கொடையாளர் கேட்டாலும் பொருட்களின் படம், பில்லின் படம் மட்டும்தான். கொடுப்பதை வீட்டில் போய்க் கொடுங்கள், விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிறகு. இருவராகப் போங்கள். பிளாஸ்டிக் பைக்குப் பதில், இங்கே பெண்கள் பின்னுகிற பனையோலைக் கொட்டானில் வைத்துக் கொடுத்தால் அவர்களுக்கும் வேலை கிடைக்கும், வாங்குகிறவருக்கும் சீர் வந்த மாதிரி இருக்கும்.

பைக்குள் கைப்பிரதி வைக்காதீர்கள். “ஞாயிற்றுக்கிழமை வாங்க” என்று அந்த நேரத்தில் சொல்லாதீர்கள். ஜெபம் செய்யச் சொல்லி அவர்களே கேட்டால் செய்யுங்கள். பசியோடு இருப்பவரிடம் நிபந்தனை வைத்தால் அது கொடுப்பதே ஆகாது என்பது என் விசுவாசம். அப்பத்தா இன்றும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறார், அவருக்கான மாத்திரையும் மாதம் தவறாமல் போகிறது.

ஆறாம் படி: கண் முகாம், மாலைப் படிப்பு

வருடம் ஒரு பெரிய நிகழ்ச்சி செய்யலாம் என்றால் கண் முகாம் நடத்துங்கள். டாக்டர் வெங்கடசாமி 1976ல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்துதான் முகாம்களை நடத்துகிறது. இடம், தண்ணீர், பந்தல், சாப்பாடு, ஊர் முழுக்கத் தகவல் சொல்வது எல்லாம் நம் பொறுப்பு, பரிசோதனை அவர்களுடையது. புரை இருப்பவர்களைப் பஸ்ஸில் அழைத்துப்போய் அறுவை செய்து திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். தேதிக்கு மாதக்கணக்கில் முன்பே எழுத வேண்டும். நோட்டீசைவிட ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதுதான் கிராமங்களுக்குப் போய்ச் சேரும். திரும்பி வந்தவர்களுக்குச் சொட்டு மருந்து போட வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். வாலிபர் சங்கப் பிள்ளைகளை வீட்டுக்கு ஒருவராகப் பிரித்து அனுப்புங்கள்.

மாலைப் படிப்பு வகுப்பு என்றால் எந்நேரமும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். கதவு திறந்தே இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் தனியாக யார் வீட்டுக்கும் அனுப்பக் கூடாது. தவறு நடந்ததாகத் தெரிந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசில் சொல்வது கட்டாயம், கமிட்டிக்குள் பேசித் தீர்க்கும் விஷயம் இல்லை. பிள்ளைகளைத் தங்கவைத்து இல்லம் நடத்தும் ஆசை வந்தால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதிவு இல்லாமல் ஒரு பிள்ளையைக்கூடச் சேர்க்காதீர்கள். சிறு சபைக்கு அந்த வேலை வேண்டாம் என்பதே என் யோசனை.

ஏழாம் படி: புயல் வந்தால்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தது. அன்று மாலையே பழைய துணி சேர்க்கத் தொடங்கினோம். மறுநாள் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் போனபோது, எங்களுக்கு முன்னால் போன வண்டிகள் இறக்கிய துணி ரோட்டோரம் மழையில் ஊறிக் கிடந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது தார்ப்பாய், மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, குடிதண்ணீர். விழுந்த தென்னையை அறுக்க மரம் அறுக்கும் மெஷினும் ஆளும். இரண்டாம் நடையில் அதைக் கொண்டுபோனோம். பத்துத் தார்ப்பாயும் நீளமான கயிறும் இப்போது சபை ஸ்டோர் ரூமில் எப்போதும் இருக்கின்றன. முதலில் அந்த ஊர்ச் சபைக்குப் போன் போட்டுக் கேளுங்கள், பிறகு வண்டி ஏற்றுங்கள்.

எட்டாம் படி: மிஷனைத் தாங்குவது

1834ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன்காரர்களை அமெரிக்காவில் யாரோ தங்கள் கையிருப்பிலிருந்து தாங்கினார்கள். அதன் பலன்தான் இந்தப் பக்கத்துப் பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும். 1903ல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தில், தங்கள் ஆட்களைக் கொண்டு இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதில் முன்னின்ற அசரியா 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். வாங்கிய கை கொடுக்கத் தொடங்கிய கதை இது. மாதம் 2,400 ரூபாயோடு நாமும் அந்த வரிசையில் சேருகிறோம்.

எட்டு அமைப்புக்கு முந்நூறு முந்நூறாகப் பிரிக்காதீர்கள். ஒரே ஊழியக் குடும்பத்தை எடுத்து ஐந்து வருடமாவது தாங்குங்கள். எடுக்கும் முன் அந்த அமைப்பிடம் தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள், ஊழியருக்கு எவ்வளவு சம்பளம், நோய் வந்தால் யார் பார்ப்பார்கள், ஓய்வுக்குப் பின் என்ன என்று கேளுங்கள். இதைக் கேட்டதற்குக் கோபித்துக்கொள்ளும் அமைப்பு நமக்கு வேண்டாம். பணம் அமைப்பின் கணக்குக்கே போகட்டும். ஊழியருக்குத் தனியாகப் பரிசு அனுப்பினாலும் அமைப்புக்குத் தெரிவித்து அனுப்புங்கள்.

தேதி முக்கியம். எங்கள் பணம் ஐந்தாம் தேதி போய்விடும். ஒருமுறை இருபதாம் தேதி ஆகிவிட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த கடிதத்தில் அந்த ஊழியரின் மனைவி, “பிள்ளைக்கு ஹாஸ்டல் பீஸ் கட்டக் கம்மலை வைத்தோம், இப்போது மீட்டுவிட்டோம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைச் சபையில் வாசித்தபோது நான் தலை நிமிரவில்லை.

கடிதம் வந்தால் ஆராதனையில் வாசியுங்கள், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை விட்டுப் பதில் எழுதச் சொல்லுங்கள். ஊழியக் குடும்பத்தார் விடுமுறைக்கு ஊர் வரும்போது சபையில் பேச வைப்பது மட்டும் போதாது. ஒரு வாரம் சும்மா இருந்து ஓய்வெடுக்க விடுங்கள், பல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நீங்கள் அவர்கள் ஊருக்குப் போனால் ரயில் டிக்கெட்டும் சாப்பாட்டுச் செலவும் உங்களுடையது.

அவர்கள் படத்தையும் ஊர்ப் பெயரையும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். ஒடிசாவில் 1967லிருந்தும், மத்தியப் பிரதேசத்தில் 1968லிருந்தும் மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் 2021ல் வந்தது. இங்கே நாம் பெருமையாகப் போடும் ஒரு வரி, அங்கே ஊழியர்மேல் புகாராகப் போய் நிற்கும். இத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று எண்ணிக்கை கேட்டு அவர்களை நெருக்கவும் வேண்டாம். பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது, மலேரியா எப்படி இருக்கிறது, மொழி கைவந்துவிட்டதா என்று கேளுங்கள்.

ஒன்பதாம் படி: பொறுப்பை மாற்றுவது

பொருளாளர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும் என்று முதல் நாளே எழுதிவையுங்கள். நாங்கள் எழுதிவைக்கவில்லை, அதனால் நான் ஒன்பது வருடம் இருந்தேன், அது அதிகம். மாறும் நாளில் பாஸ் புத்தகம், வவுச்சர் கோப்பு, ஐந்தொகை, ஸ்டோர் ரூம் சாவி, வீட்டுப் பட்டியல் நோட்டு ஆகியவற்றை இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்தோடு ஒப்படையுங்கள். அதற்கு முந்தைய மாதம் முழுக்கப் புதிய ஆளைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போய் முகம் பழக்குங்கள்.

என்னிடமிருந்து நோட்டை வாங்கியது பள்ளி ஆசிரியையான ஒரு தங்கச்சி. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அப்பத்தா பக்கத்தில் நான் எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தாள்: “மாத்திரை ஏழாம் தேதிக்குள். ரேஷன் வாங்கப் பக்கத்து வீட்டுப் பையன். வலது கண் ஆச்சு, இடது கண் அடுத்த முகாமில். காது கேட்காது, கதவைத் தட்டாதே, ஜன்னல் பக்கம் போய்க் கூப்பிடு.”